பேசாமல் இருப்பது மன்னிப்பு ஆகாது

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பிழை இருந்தால் பதிலும் பிழையாகிவிடும். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு, வீட்டு வரியில் பெயர் மாற்றவேண்டும் என்று சொல்லித் தம்பி உங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். நீங்கள் கையெழுத்துப் போட்டது, உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தில் என்பது பிறகுதான் தெரிந்தது. நான்கு ஆண்டுகளாக அவரோடு பேச்சில்லை. இருவருக்கும் ஒரே ஆலயம்தான். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பந்தியில் அவர் ஒரு வரிசையில் உட்கார்ந்தால் நீங்கள் எழுந்து அடுத்த வரிசைக்குப் போகிறீர்கள். வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறீர்கள். சபையின் குருவானவரான ஐயரிடம் சொன்னபோது "மன்னித்துவிடுங்கள் அம்மா" என்று ஜெபித்து அனுப்பினார். மன்னித்தேன் மன்னித்தேன் என்று வாயால் சொல்லியும் நெஞ்சில் ஆறவில்லை. கோபம் பாவமா? பாவம் என்றால் இயேசு ஏன் கோபப்பட்டார்? இந்த நிலையில் நான் இராப்போஜனம், அதாவது ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து, எடுக்கலாமா? இவைதாம் உங்கள் கேள்விகள்.

நான் குருவானவர் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதபாட வகுப்பு நடத்தியவன். பாகப்பிரிவினைச் சண்டைகளில் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்களுக்குக் கோபம் வந்தது பாவமில்லை. ஏமாற்றப்பட்ட ஒருவருக்குக் கோபமே வரவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன். ஆனால் அந்தக் கோபத்தை நான்கு ஆண்டுகளாக நீங்கள் வைத்திருக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் கடினமாகப் பேசவேண்டியிருக்கிறது.

"அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம்" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? எபிரெயரும் கோபத்தை மூக்கில்தான் வைத்தார்கள். பழைய ஏற்பாட்டில் கோபத்துக்கு மிகுதியாக வழங்கும் 'அஃப்' என்ற சொல்லுக்கு மூக்கு என்றே பொருள். யாத்திராகமம் 34:6-ல் கர்த்தரை "நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள" தேவன் என்று படிக்கிறோம். அங்கே நீடிய சாந்தம் என்று பெயர்த்திருக்கும் சொற்களை அப்படியே தமிழாக்கினால் 'நீண்ட மூக்குடையவர்' என்று வரும். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சூடான மூச்சு வெளியே வர அவருக்கு நெடுநேரம் ஆகும் என்பது அந்த வழக்கின் கருத்து. கோபமே அறியாத தேவனை வேதம் எங்கும் காட்டவில்லை. ஆகவே கோபம் வந்தவுடன் 'நான் விசுவாசியே இல்லையோ' என்று பதற வேண்டாம்.

வேதத்தில் கோபக்காரரிடம் தேவன் முதலில் செய்வது கேள்வி கேட்பது. காயீனிடம் "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" என்று கேட்கிறார். அவன் பிறகு கொன்ற தம்பி ஆபேல் அப்போது உயிரோடு இருக்கிறான். பாவம் இன்னும் வாசற்படியில்தான் படுத்திருக்கிறது. காயீன் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நேரே வயலுக்குப் போகிறான். நினிவே நகரத்தைத் தேவன் அழிக்காமல் விட்டதில் எரிச்சலடைந்த யோனா தீர்க்கதரிசியிடம் "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று இரண்டு முறை கேட்கிறார். முதல் முறை யோனாவும் பதில் சொல்லாமல் நகரத்துக்கு வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறான். இரண்டாம் முறை, நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போன வயிற்றெரிச்சலில், "நான் மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான்" என்று வெடிக்கிறான். எனக்கு யோனாவைப் பிடிக்கும். அவன் சொன்னது தப்பு, ஆனால் சொல்லிவிட்டான். அதனால் உரையாடல் தொடர்ந்தது.

அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். எதற்காக இந்த எரிச்சல்? வீட்டுப் பங்கு போனதற்காகவா? தம்பி பொய் சொன்னதற்காகவா? அல்லது படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேனே என்று உங்கள்மேல் உங்களுக்கே இருக்கும் கோபமா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலும் மூன்றாவதுதான் அடியில் கிடந்தது. மேலே நிலமும் வீடும் மிதந்துகொண்டிருந்தன.

இயேசுவின் கோபத்துக்கு வருகிறேன். மாற்கு 3:5-ஐத் திறந்து பாருங்கள். சூம்பின கையுள்ள ஒருவன் ஜெப ஆலயத்தில் நிற்கிறான். ஓய்வுநாளில் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். அவர் "கோபத்துடனே" அவர்களைச் சுற்றிலும் பார்க்கிறார். அதே வசனத்தில் அவர்களுடைய இருதயகடினத்துக்காக "விசனப்பட்டு" என்றும் இருக்கிறது. கோபமும் துக்கமும் ஒரே பார்வையில். எந்த மனிதர்மேல் கோபமோ அவர்களுக்காகவே வருத்தமும். நம் கோபத்தில் இந்த இரண்டாவது பாதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தேவாலயத்தில் வியாபாரிகளைத் துரத்த அவர் கயிற்றினால் சவுக்கு உண்டுபண்ணியதை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறோம். தன்னை அடித்தவர்களுக்கு எதிராக அவர் அந்தச் சவுக்கை எடுக்கவில்லை என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

இதில் தமிழ் வேதாகமம் படிக்கிற நமக்கென்று ஒரு சங்கதி உண்டு. மத்தேயு 5:22-ல் "தன் சகோதரனை நியாயமில்லாமல் கோபித்துக்கொள்பவன்" என்று படிக்கிறோம். அந்த 'நியாயமில்லாமல்' என்ற ஒரு சொல்லில்தான் நாம் எல்லாரும் குடியிருக்கிறோம். என் கோபம் நியாயமானது, ஆகவே வசனம் எனக்கில்லை! ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் கைப்பிரதியிலும், சினாய் கைப்பிரதியில் முதலில் எழுதியவரின் கையிலும் அந்தச் சொல் இல்லை. உண்மையான பிரதிகளில் அது கிடையாது என்று, வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்தார். கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்திலும் அது இல்லை. பிற்காலத்தில் யாரோ, வசனம் தாங்கமுடியாத சுமையாக இருக்கிறதே என்று இரங்கிச் சேர்த்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஐந்தாம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதிய ஜான் கசியன் இதற்கு நல்ல உவமை சொல்கிறார். கண்ணை மூடியிருக்கும் தகடு தங்கமா ஈயமா என்பதால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நியாயமான கோபமும் நெடுநாள் கண்ணை மறைத்தால் குருடு குருடுதான். உங்களிடம் இருப்பது தங்கத் தகடு என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். "நான் அவனை ஒன்றும் சொல்லவில்லை, மன்னித்துவிட்டேன், பேசுவதில்லை அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! நம் சபைகளில் சத்தம் போடுகிறவனைக் கோபக்காரன் என்கிறோம். பத்து ஆண்டுகள் முகம் பார்க்காதவரைச் சாந்தமானவர் என்று மூப்பராகக்கூடத் தேர்ந்தெடுக்கிறோம். வேதம் அப்படிப் பார்க்கவில்லை. லேவியராகமம் 19:17 சொல்வது: "உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக; ... அவனை எப்படியும் கடிந்துகொள்ளவேண்டும்." உள்ளத்தில் பகைப்பதற்கு மாற்றாக அங்கே மௌனத்தைச் சொல்லவில்லை. போய்ச் சொல் என்கிறது. பிறனை உன்னைப்போல் நேசி என்ற கட்டளை அதற்கு அடுத்த வசனம். இயேசுவும் மத்தேயு 18:15-ல் உன் சகோதரன் குற்றஞ்செய்தால் நீ போய், தனித்திருக்கையில் உணர்த்து என்கிறார். போகவேண்டியவர் தவறு செய்தவர் அல்ல, தவறிழைக்கப்பட்டவர். இது எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது.

எபேசியர் 4:26-ல் நம் மொழிபெயர்ப்பு அழகாக இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. "கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாகவே உங்கள் எரிச்சல் தணியக்கடவது." முதலில் கோபம், பிறகு எரிச்சல். கிரேக்கத்திலும் இரண்டும் வேறு சொற்கள்தாம். கோபத்துக்குத் தடை போடவில்லை. எரிச்சலுக்குப் பவுல் கெடு வைத்திருக்கிறார். அடுப்பில் தீ எரிவது தவறல்ல. அணைக்காமல் படுக்கப் போவதுதான் ஆபத்து, அதுவும் சாம்பல் மூடிய கங்கு. ஐந்து வசனம் தள்ளிப் பவுல் கொடுக்கும் பட்டியல் "கசப்பு" என்ற சொல்லில் தொடங்குகிறது. கூக்குரல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

சூரியன் மறைவதைக் கெடுவாக வைப்பது பவுலுக்கு முன்பும் இருந்த வழக்கம்தான். பைதாகரஸ் வழியினர் கோபத்தில் ஒருவரையொருவர் ஏசிவிட்டால், பொழுது சாய்வதற்குள் வலக்கை கோத்துத் தழுவிச் சமாதானமாவார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். உடன்பிறந்தார் அன்பைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் அதைச் சொல்கிறார். ஆனால் இதை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குக் கணவனும் மனைவியும் கணக்குத் தீர்க்க உட்கார்வதை நான் ஆதரிக்கமாட்டேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு சமாதானமும் பிறக்காது. பவுல் மேற்கோள் காட்டும் 4-ஆம் சங்கீதத்தின் அடுத்த வரி, "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்பது. அன்று மாலைக்குள் தீரவேண்டியது உள்ளே நடக்கும் பழிவாங்கும் திட்டம். பத்திரப் பிரச்சினை தீர மாதங்கள் ஆகலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் ஒருவர், கட்டட நிதிக் கணக்கில் என்னைச் சந்தேகித்துக் கூட்டத்திலேயே பேசிவிட்டார். இரண்டு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை. யாரிடமும் அவரைக் குறை சொல்லவும் இல்லை; அதில் எனக்குப் பெருமை வேறு. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் என் மனைவி, "இந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டிருக்கிறோமா?" என்று கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு ஆண்டுகளாக மனதில் செப்பனிட்டுவைத்த வாசகத்தைச் சொன்னேன். அவர் முழித்தார். தாம் என்ன சொன்னோம் என்பதே அவருக்குச் சரியாக நினைவில் இல்லை. நான் தினமும் தூக்கிச் சுமந்ததை அவர் அன்றைக்கே கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

உங்கள் விஷயம் அவ்வளவு சுலபமில்லை, தெரியும். அங்கே இருந்தது வெறும் வார்த்தை, இங்கே சொத்து. ஆகவே பங்கைப் பற்றியும் பேசிவிடுவோம். 'மன்னித்தால் பங்கைக் கேட்கக்கூடாது' என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். செலோப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். அவர்கள் ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று தகப்பனுடைய சுதந்தரத்தைக் கேட்டார்கள். கர்த்தர் சொன்ன பதில், அந்தக் குமாரத்திகள் பேசுகிறது சரிதான் என்பது. நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கம்தான் தொடங்குகிறது: 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கையெழுத்துப் போட்ட பத்திரம் இப்போது என்ன செய்யும் என்பதை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். அது பாவமில்லை.

ஆனால் லூக்கா 12-ஐயும் மறைக்கமாட்டேன். ஒருவன் வந்து, ஆஸ்தியைப் பாகம்பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்திருக்கலாம். ஆண்டவர், என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று கேட்டு, பொருளாசையைக்குறித்து எச்சரித்தார். பங்கைக் கேளுங்கள், ஆனால் தம்பியைத் தோற்கடிப்பதற்காகக் கேட்கிறீர்களா என்பதை உங்களிடமே கேட்டுக்கொண்டு கேளுங்கள். கொரிந்து சபையார் நீதிமன்றத்துக்கு ஓடியபோது பவுல், உங்களுக்குள்ளே வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட இல்லையா என்று வெட்கப்படுத்தினார். எனவே முதலில் தனியாக. கேட்கவில்லையென்றால் இருவரும் மதிக்கும் ஒன்றிரண்டு பெரியவர்களோடு. தாய்மாமன் இருக்கிறாரா? அதற்குப் பிறகும் பொய் பொய்யாகவே நின்றால் நீதிமன்றம் போவதை நான் குறை சொல்லமாட்டேன்.

மன்னிப்பு என்பது நடந்ததைச் சிறியதாக்குவது அல்ல. மத்தேயு 18-ல், ராஜாவிடம் பெருங்கடன் தள்ளுபடியான வேலைக்காரன் ஒருவன், தன் உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்துக் கடனைக் கேட்கிறான்; அவன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. நூறு நாள் கூலி என்பது எந்த ஏழைக்கும் சின்னத் தொகையல்ல. அந்தக் கடன் உண்மையான கடன். அதன் அருகே ஆண்டவர், ராஜா தள்ளுபடி செய்த பதினாயிரம் தாலந்தை வைக்கிறார். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம்; பெருக்கினால் ஆறு கோடி நாள் கூலி வரும். உங்கள் இழப்பு ஒன்றுமில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு தள்ளுபடி ஆயிற்று என்று பார்த்த பிறகு, தொண்டையைப் பிடித்த கையை எடு என்கிறார். கையை எடுத்த பிறகும் கடனைப் பற்றிப் பேசலாம்.

பிள்ளைகள். இது காத்திருக்காது. அதே கசியன், தான் தனிமையில் இருந்த காலத்தில் எழுதுகோல் தடித்திருந்தது என்றும், கத்தி மழுங்கியிருந்தது என்றும், சிக்கிமுக்கிக் கல்லில் பொறி வரத் தாமதமாயிற்று என்றும் அவற்றின்மேல் கோபப்பட்டுச் சபித்ததை ஒளிக்காமல் எழுதுகிறார். பக்கத்தில் மனிதர் இல்லையென்றால் கோபம் கல்லைப் பிடிக்கும். உங்கள் வீட்டில் அது டிபன் டப்பாவைக் கொண்டுவர மறந்த பையனைப் பிடிக்கிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்ற வசனம் பிதாக்களுக்கு எழுதியது என்று தாய்மார் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்று இரவே அவனைக் கூப்பிட்டு, "அம்மா மாமாமேல் இருந்த கோபத்தை உன்மேல் காட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று சொல்லுங்கள். 'ஆனால் நீயும்...' என்று எதையும் ஒட்டவைக்க வேண்டாம்.

ஜெபித்தும் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். எப்படி ஜெபித்தீர்கள் என்று நான் கேட்கிறேன். "ஆண்டவரே, என் தம்பியை மன்னிக்கிறேன்" என்று நேரே முடிவுரைக்குப் போய்விட்டீர்கள். சங்கீதக்காரன் அப்படிப் போவதில்லை. 55-ஆம் சங்கீதத்தில், "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்" என்று தொடங்கி, என் தோழனாகிய நீயே அவன் என்று வயிறெரிந்து சொல்கிறான். சத்துரு செய்திருந்தால் தாங்கியிருப்பேன், தூக்கி வளர்த்த தம்பி செய்தானே என்பதுதானே உங்கள் நோவு? அதை அந்தச் சொற்களிலேயே, பக்திப் பூச்சு இல்லாமல் அவரிடம் சொல்லுங்கள். கத்தவேண்டுமென்றால் கத்துங்கள். பிள்ளைகளிடம் கத்துவதைவிட அவரிடம் கத்துவது மேல். அவர் மூக்கு நீண்டது.

இராப்போஜனத்தைப் பற்றி. இது உங்கள் தலைமுறைக்குப் புதிய கேள்வி அல்ல. முதல் நூற்றாண்டின் முடிவையொட்டி எழுதப்பட்ட 'திதகே' என்ற சபை ஒழுங்கிலேயே, தோழனோடு சண்டையுள்ளவன் சமாதானமாகும்வரை கூடிவரவேண்டாம் என்ற கட்டளை இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் சீரியாவில் எழுந்த மற்றொரு ஒழுங்கு, விசுவாசிகளின் வழக்குகளைத் திங்கட்கிழமையில் விசாரிக்கும்படி ஆயர்களுக்குச் சொல்கிறது. ஞாயிறு வருவதற்குள் சமாதானமாக வாரம் முழுவதும் இருக்கிறதே! நம் திருநெல்வேலி முன்னோர் கையிலிருந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், 1662-ஆம் ஆண்டுப் பதிப்பில், உங்கள் கேள்விக்கு நேரான விதியே உண்டு. இருவருக்கிடையே பகை இருந்தால் குருவானவர் அவர்களைப் பந்திக்கு விடக்கூடாது. ஆனால் ஒருவர் மனதார மன்னிக்கவும் தன் பக்கத்துத் தவறைச் சரிசெய்யவும் ஆயத்தமாயிருந்து, மற்றவர் பிடிவாதமாக மறுத்தால், ஆயத்தமானவரை ஏற்கவேண்டும். ஆகவே தம்பி இறங்கி வரும்வரை நீங்கள் பந்திக்கு வெளியே நிற்கவேண்டியதில்லை. உங்கள் அடியை நீங்கள் எடுத்து வைத்தால் போதும்.

தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவான பிறகு, அதன் புதிய ஆராதனை முறையை வகுத்தவர்கள், காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5:23-24-ஐக் கருத்தில் வைத்து, காணிக்கைக்கு முன்னே சமாதானம் கொடுத்தலைச் சேர்த்தார்கள். சீரியக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர, இருவரும் இடக்கையால் மூடிக்கொள்வார்கள். பிறகு உலகத்தின் பல சபைகள் இதைப் பார்த்தே சமாதானம் கொடுத்தலைத் தங்கள் ஆராதனைக்குள் திரும்பக் கொண்டுவந்தன. நாமோ இப்போது பக்கத்து இருக்கையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அதிலும் ஆள் பார்த்துத்தான்.

இதெல்லாம் செய்தால் பழையபடி ஆகிவிடுமா என்று கேட்பீர்கள். ஏசாவும் யாக்கோபும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அதுவும் உடன்பிறந்தார் சொத்துச் சண்டை, அதுவும் ஏமாற்று: அண்ணன் ஏசாவுக்குரிய தகப்பனின் ஆசீர்வாதத்தைத் தம்பி யாக்கோபு ஏமாற்றி வாங்கிக்கொண்டான். யாக்கோபு திரும்பி வந்தபோது ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று 550-க்கு மேற்பட்ட உருப்படிகளை முன்னே அனுப்பினான். "என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும்" என்று அவன் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'என் ஆசீர்வாதம்' என்ற சொல். எதைத் திருடினானோ அதன் பெயரையே சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான். ஏசா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அதற்குப் பிறகு ஏசா சேயீருக்கும் யாக்கோபு சுக்கோத்துக்கும் போய்விட்டார்கள். ஒரே முற்றத்தில் குடியிருக்கவில்லை. தகப்பனை அடக்கம்பண்ண இருவரும் சேர்ந்து வந்தார்கள் என்று ஆதியாகமம் 35-ல் ஒரு வரி இருக்கிறது. அந்த அளவு போதும் என்று நினைத்துத் தொடங்குங்கள்.

நேரில் போகத் தைரியமில்லை என்றால் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்; அது உங்களுக்குச் செய்ததை எழுதுங்கள்; என்ன வேண்டும் என்று கேளுங்கள். 'நீ எப்போதுமே இப்படித்தான்' என்ற வாக்கியம் கட்டாயம் வந்து நிற்கும், அதை அடித்துவிடுங்கள். அம்மா உயிரோடு இருந்தால் அவரை இதில் இழுக்காதீர்கள். எழுதிய அன்றே அனுப்பவேண்டாம். சூரியன் அஸ்தமிக்கும் முன் என்று பவுல் கெடு வைத்தது எரிச்சலுக்கு, தபாலுக்கு அல்ல. இரண்டு நாள் வைத்திருந்து, மறுபடி படித்துவிட்டு, திங்கட்கிழமை பெட்டியில் போடுங்கள். அடுத்த அசனத்தில் அவர் உட்காரும் வரிசையைவிட்டு எழுந்து போகாதீர்கள்.